ஊருக்கொரு தகவல் நிலையம்: வணிகர்கள் என்ன செய்யலாம்?



மளிகைக் கடையில் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியும். அரிசி, பருப்பு வாங்க வருகிறவர்களில் பலர், சாமானைப் பையில் போட்டுக்கொண்டே ஏதாவது ஒன்றை விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். "ஏனுங்கண்ணா, ரேஷன் கார்டுல மருமக பேரைச் சேர்க்கோணும், எங்க போகோணுங்க?" என்பார் ஒருவர். "பேங்கிலிருந்து பேசறேன்னு போன்ல ஒருத்தர் நெம்பர் கேக்கறாருங்க, சொல்லலாமுங்களா?" என்பார் இன்னொருவர். நாமும் பொட்டலம் கட்டிக்கொண்டே தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறோம்.

அதாவது, போர்டு மாட்டாவிட்டாலும் ஒவ்வொரு மளிகைக் கடையும் ஒரு விசாரணை ஆபீஸாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. இந்த வேலையை ஒழுங்காகவும் பொறுப்பாகவும் செய்ய வழி உண்டா? ஊரார் கூடிச் சம்பளம் வாங்காமல் நடத்திய தகவல் நிலையங்கள் வேறு இடங்களில் எப்படி நடந்தன? அவற்றிலிருந்து நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தவறான தகவலுக்கு நாம் கொடுத்த விலை

முதலில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு விஷயம். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு வதந்தி சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு முழுவதும் சுற்றியது. புதிய ரூபாய்க் குறியீடு உள்ள காசு நல்லது, இல்லாத காசு கள்ளக் காசு என்றார்கள் சிலர். கோடுகளை எண்ணிப் பார்த்து வாங்கச் சொன்னார்கள் வேறு சிலர். யார் தொடங்கிவைத்தது என்று எவருக்கும் தெரியாது. பல ஊர்களில் கடைக்காரர் வாங்க மறுத்தார், அதைப் பார்த்துப் பஸ் கண்டக்டர் மறுத்தார், அதைப் பார்த்து அடுத்த கடைக்காரரும் மறுத்தார்.

ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று தெளிவாக அறிவித்தது. அதுவரை 14 விதமான வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டிருக்கிறது, அத்தனையும் செல்லும், குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும் என்பதே அந்த அறிவிப்பு. அதன் பிறகும் வதந்தி உடனே அடங்கிவிடவில்லை. சில்லறைத் தட்டுப்பாடு என்று நாம்தான் புலம்பினோம். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்து வாடிக்கையாளரிடம் முகம் சுளிப்பை வாங்கிக்கொண்டதும் நம் ஆட்கள்தான். செல்லக்கூடிய காசைச் செல்லாக் காசாக்கியது அரசாங்கமல்ல. கடைக்குக் கடை விசாரிக்காமல் பரவிய பேச்சுத்தான்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போன்களில் பரவின. திருப்பூர், கோவையிலிருந்து தொழிலாளர்கள் பலர் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்தத் தொழிலாளர்கள் தினமும் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் வாங்கும் இடம் நம் கடைகள்தான். அவர்கள் மொழியில் "பயப்பட வேண்டாம், நாங்கள் விசாரித்துவிட்டோம், அது பொய்" என்று சொல்ல ஒவ்வொரு பகுதியிலும் நம்பிக்கையான ஓர் இடம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

புதுச்சேரி கிராமங்களில் நடந்தது

இப்படிப்பட்ட இடங்களை நமக்கு அருகிலேயே அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். அமைத்தவர் விவசாய விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன். கும்பகோணத்தில் பிறந்தவரானாலும், விவசாயப் பட்டம் படித்தது நம் கோவை விவசாயக் கல்லூரியில். அவர் 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் நிலையங்களைத் திறக்க ஆரம்பித்தது. கனடா நாட்டின் ஆராய்ச்சி உதவி நிறுவனம் ஒன்று பணம் தந்தது.

திறப்பதற்கு முன் அவர்கள் செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். கிராம மக்கள் இப்போது தகவலுக்கு யாரிடம் போகிறார்கள் என்று விசாரித்தார்கள். உள்ளூர்க் கடைக்காரர், சந்தை, விதை உரம் விற்பவர், அக்கம்பக்கத்தார் என்று பதில் வந்தது. படித்தவர்கள் போட்ட திட்டத்தின் முதல் பக்கத்திலேயே நாம்தான் இருக்கிறோம். பெருமைப்பட வேண்டிய செய்திதான். கூடவே யோசிக்க வேண்டிய செய்தியும்கூட. பூச்சிமருந்து விற்கிறவரிடம் "எந்த மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டால், அவர் நல்லவராகவே இருந்தாலும், கடையில் தேங்கியிருக்கும் சரக்கு அவர் கண்ணுக்கு முன்னால் நிற்குமல்லவா? விற்கிறவர் சொல்லும் தகவலில் கேட்கிறவருக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எதையும் விற்காத ஓர் இடம் தேவைப்பட்டது.

வில்லியனூரில் தலைமை நிலையம் வைத்தார்கள். அங்கிருந்து சுற்றுக் கிராமங்களுக்குத் தகவல் போகும், கிராமங்களிலிருந்து கேள்விகள் வரும். தொலைபேசி சரியாகக் கிடைக்காத காலம் அது. ஆகவே போலீஸ்காரர்கள் பேசிக்கொள்வதைப் போன்ற ஒயர்லெஸ் கருவிகளைப் பயன்படுத்தினார்கள். கரண்ட் நின்றாலும் வேலை நிற்காமலிருக்கச் சூரிய ஒளி மின்சாரம் வைத்தார்கள். கம்ப்யூட்டரும் கருவிகளும் நிறுவனம் தரும். இடம் ஊரார் இலவசமாகத் தர வேண்டும், தொண்டர்களை ஊரார் தர வேண்டும், எல்லோரும் வந்து போக அனுமதி இருக்க வேண்டும். இவை நிபந்தனைகள். பெரும்பாலும் பள்ளிப் படிப்பு படித்த பெண்களே முன்வந்து பயிற்சி எடுத்து நிலையங்களை நடத்தினார்கள்.

அங்கே என்ன கிடைத்தது? தானிய விலை, விதை உர விலை, அரசு உதவித் திட்டங்களுக்கு யார் யார் தகுதி, எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர், பஸ் நேரம், மாட்டு வைத்தியம், தேர்வு முடிவு. எல்லாம் தமிழில், அந்தந்த ஊருக்கு வேண்டிய அளவில். பின்னாளில் "நம்ம ஊரு செய்தி" என்று தங்களுக்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். இந்த வேலைக்கு 2001இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

எம்பலம் என்ற ஊரில் நிலையத்துக்கு இடம் கொடுத்தது ஒரு நூற்றாண்டுப் பழமையான கோவில். அந்தக் கோவிலுக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் வழியாகப் பட்டியல் சாதி மக்களும் மாதவிலக்கான பெண்களும் போகக் கூடாது என்பது ஊர் வழக்கம். இன்னொரு வாசல் தகவல் நிலையத்துக்குப் போகும் வாசல். அதில் யாரும் போகலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இதை எழுதியபோது உலகம் முழுக்க அந்த இரண்டு வாசல்களைப் பற்றிப் பேசினார்கள். கொங்கு நாட்டுக் கிராமங்களில் பழகியவர்களுக்கு இது ஏன் சொல்லப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பது நம் ஊர்களிலும் இன்னும் தீராத விஷயம். தகவல் நிலையம் வைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வாசலை.

ஒலிபெருக்கி காப்பாற்றிய ஊர்

அரியாங்குப்பத்துக்கு அருகில் வீராம்பட்டினம் என்ற பெரிய மீனவர் ஊர் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு அரிசி விலையைவிட அலை உயரம் முக்கியம். அமெரிக்கக் கடற்படை வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை இணையத்தில் வெளியிட்டு வந்தது. வில்லியனூரில் அதை எடுத்துத் தமிழில் சொல்லிப் பதிவுசெய்து, வீராம்பட்டினத்து நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்படி போடுவார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் காது உண்டல்லவா?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அதே புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்ற ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டெலிவிஷன் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்து எச்சரித்தார். செய்தி கிடைத்தவர்கள் தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. வீடுகளும் படகுகளும் போயின. மக்கள் ஓடி உயிர் தப்பினார்கள்.

இதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு மைக், ஒரு குழாய் ஒலிபெருக்கி. நம் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டுவதுதான். ஆனால் கடல் நிலவரத்தை உள்ளது உள்ளபடி சொல்லி வந்த குழாய் அது. அதனால் அன்று அது "ஓடுங்கள்" என்றபோது யாரும் நின்று வாதம் செய்யவில்லை. தினமும் சரியான எடை போடுகிற கடைக்காரர் ஒருநாள் "இன்று எண்ணெய் நன்றாக இல்லை, வாங்க வேண்டாம்" என்றால் நம்புகிறார்களே, அதே கணக்குத்தான். நம்பிக்கை என்பது அவசர நாளில் சம்பாதிக்கிற சரக்கல்ல. சாதாரண நாட்களில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்பது.

இங்கிலாந்தில் எண்பது ஆண்டுக்கு மேலான பழக்கம்

இந்த யோசனை உலகத்துக்குப் புதியதல்ல. இங்கிலாந்து 1939 செப்டம்பர் 3 அன்று ஜெர்மனி மீது போர் அறிவித்தது. மறுநாளே, செப்டம்பர் 4ஆம் தேதி, நாடு முழுவதும் 200 இடங்களில் மக்கள் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. முன்பே யோசித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பொதுக் கட்டடங்களிலும் சிலருடைய வீடுகளிலும் நடந்தது. நடத்தியவர்கள் தொண்டர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள். ரேஷன் புத்தகம் தொலைந்தால் என்ன செய்வது, குண்டு விழுந்து வீடு போனவர் எங்கே போவது, காணாமல் போன உறவினரை எப்படித் தேடுவது, கடன் தவணையைக் கட்ட முடியாவிட்டால் என்ன வழி என்று மக்கள் கேட்டார்கள். குதிரை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றை ஆபீஸாக மாற்றி, குண்டு விழுந்த தெருக்களுக்கே ஓட்டிச் சென்றும் பதில் சொன்னார்கள்.

போர் 1945இல் முடிந்தது. நிலையங்கள் தொடர்ந்தன. வாடகைத் தகராறு, கடன், வேலை நீக்கம் என்று கேள்விகள் மாறினவே தவிரக் கேட்கிறவர்கள் குறையவில்லை. அவர்கள் நான்கு விதிகளை வைத்துக்கொண்டார்கள். ஆலோசனை இலவசம். யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. கேட்டவர் சொன்ன ரகசியம் வெளியே போகாது. ஆள் பார்த்துப் பதில் சொல்வதில்லை. இந்த நான்கும்தான் அந்தக் கடையின் முதல்.

நான்கு விதிகள், நம் பாஷையில்

இலவசம்: கேள்விக்குக் கட்டணம் இல்லை என்பதோடு முடிந்துவிடாது. "விவரம் சொன்னோமே, மாதச் சாமானை இனி எங்களிடமே வாங்குங்கள்" என்ற மறைமுக விலையும் கூடாது.

கட்டுப்படாமை: கட்சி, கம்பெனி, கடன் கொடுக்கும் நிறுவனம், சீட்டுக் கம்பெனி, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் எவருடைய போர்டும் நிலையத்தில் தொங்கக் கூடாது. தனி ஒரு கடையின் பெயரும் கூடாது. சங்கத்தின் பெயரில் நடக்கட்டும்.

ரகசியம்: இதில் நமக்கு அனுபவம் உண்டு. எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்று கடன் நோட்டு வைத்திருக்கும் மளிகைக்காரருக்குத் தெரிந்த அளவு அந்த வீட்டுச் சம்பந்திக்குக்கூடத் தெரியாது. நல்ல கடைக்காரர் அதை இன்னொருவரிடம் வாய்விட்டதில்லை. அந்தப் பழக்கமே இங்கும் போதும்.

ஆள் பாராமை: கார் வைத்திருப்பவருக்கு நாற்காலி, கூலி ஆளுக்கு நிற்கிற இடம் என்று இருந்தால் ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். வடநாட்டுத் தொழிலாளிக்கும் அதே பெஞ்சுதான்.

இந்த நான்கோடு நம் பங்குக்கு ஐந்தாவது ஒன்று சேர்த்துக்கொள்வோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. "நாளைக்கு விசாரித்துச் சொல்கிறோம்" என்பது கௌரவக் குறைவல்ல. பத்து ரூபாய்க் காசு விஷயத்தில் இந்த ஒரு வார்த்தையை நாலு கடைகளில் சொல்லியிருந்தால் பாதி வதந்தி அங்கேயே நின்றிருக்கும்.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. புதுச்சேரி நிலையங்கள் தொடங்கியபோது தகவல் கிடைப்பதே பஞ்சம். இன்று பஞ்சமில்லை, வெள்ளம். வெள்ளத்தில் குடிதண்ணீர் எது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. 2006இல் மத்திய அரசு பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் இ-சேவை மையங்கள் வந்தன. அவை நல்ல வேலை செய்கின்றன. ஆனால் அங்கே போகிறவர், தனக்கு எந்தச் சான்று வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். எது வேண்டும் என்றே தெரியாதவர் யாரிடம் கேட்பார்?

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். கூலி வேலை செய்த ஒருவர் நாற்பத்தைந்து வயதில் இறந்துவிடுகிறார். மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வங்கியில் இருநூறு முந்நூறு ரூபாய் இருந்தால் அதிகம் என்று பாஸ்புக்கைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். தகவல் நிலையத்துத் தொண்டர் அந்தப் பாஸ்புக்கை வாங்கி முந்தைய மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பார்க்கிறார். 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறது. அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தின் பிரீமியம். 2015இல் தொடங்கிய திட்டம். 2022 ஜூன் 1 முதல் ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய் ஆயிற்று. காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால் அதற்கும் 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது வங்கியில் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். அந்த ஒரு வரியை யாராவது படித்துச் சொல்லாவிட்டால் இரண்டு லட்சம் ரூபாய் அந்தக் குடும்பத்துக்கு இல்லாமலே போகும்.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடியும் பொறுமையும் போதும். படித்துச் சொன்ன பிறகு, வங்கிக்குப் போய் உரிமைக் கோரிக்கைப் படிவம் வாங்குங்கள், இறப்புச் சான்று எடுங்கள், நியமனதாரர் பெயர் யார் என்று பாருங்கள் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் நம் உறுப்பினர்களிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாடு வணிகர் நல வாரியம் 1989இல் அமைந்தது. எத்தனை சிறுகடைக்காரர்கள் அதில் பதிவு செய்திருக்கிறார்கள், பதிவு செய்தவர்களின் மனைவி மக்களுக்கு அந்த விவரம் தெரியுமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கடையில் சரக்கு எங்கே இருக்கிறது என்று குடும்பத்துக்குச் சொல்லி வைத்திருப்போம். காகிதம் எங்கே இருக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டோம்.

தொடங்கும் முறை

1. இடம்: சங்கக் கட்டடத்தின் முன் அறை போதும். இல்லாவிட்டால் ரோட்டைப் பார்த்த ஒரு காலிக் கடை. தனி வீட்டுக்குள்ளோ, எல்லோரும் நுழைய முடியாத இடத்திலோ வேண்டாம். பெண்கள் தயங்காமல் வரக்கூடிய வெளிச்சமான இடமாக இருக்கட்டும்.

2. நேரம்: காலை முழுக்க லோடு இறக்குவதும் ஏற்றுவதுமாக நமக்கு ஓய்வில்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை கடைவீதி மந்தம். அந்த இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு காலையும் வைத்துக்கொள்ளலாம். எந்த நேரம் என்றாலும் போர்டில் எழுதியபடி திறக்க வேண்டும். மூடிய கதவை இரண்டு முறை பார்த்தவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

3. ஆட்கள்: ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தபால் அலுவலர், கிராம நிர்வாக அலுவலர், ஆசிரியை, நர்ஸ் என்று ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது அவர்களுக்கே சிரமம். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண்கள் மிகவும் பயன்படுவார்கள். பாதிப் பேராவது பெண்களாக இருப்பது நல்லது. இந்தி தெரிந்த ஒருவர் அவசியம்.

4. பதிவேடு: நமக்குப் பழக்கமான நீள நோட்டு ஒன்று. தேதி, கேள்வி, சொன்ன பதில், எங்கே விசாரித்தது, காரியம் முடிந்ததா என்று ஐந்து பத்தி. கேட்டவர் பெயர் அவசியமில்லை, வரிசை எண் போதும். மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் ஊருக்கு என்ன குறை என்று அந்த நோட்டே சொல்லும். ஒரே கேள்வி இருபது பேரிடமிருந்து வந்தால் அதிகாரிகளிடம் மனுவாகக் கொண்டு போகலாம். தேவைப்பட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். அந்தச் சட்டம் பதிலுக்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறது.

5. போர்டு: பெரிய எழுத்தில் சில எண்கள். ஆம்புலன்ஸ் 108. குழந்தைகள் உதவி 1098. பெண்கள் உதவி 181. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இலவசச் சட்ட உதவி 15100. போனில் ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் 1930. இந்தக் கடைசி எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

6. துணை: சட்ட விஷயங்களில் நாம் வக்கீல் ஆகிவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டம்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவிலும் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். அங்கே வழி காட்டுவதுதான் நம் வேலை. உடம்பு விஷயத்தில் டாக்டர், வரி விஷயத்தில் ஆடிட்டர். வழி காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செய்யக் கூடாதவை

யாருடைய ஆதார் அட்டையையும் பாஸ்புக்கையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பார்த்த உடன் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போனில் வரும் ரகசிய எண்ணைத் தொண்டர்கள் கேட்கவே கூடாது. "காரியம் முடித்துத் தருகிறேன்" என்று பணம் வாங்கினால் அன்றே அவரை நிறுத்திவிட வேண்டும். எந்தக் கட்சிக்காரர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டாலும் அது சுவரில் ஏறக் கூடாது.

நம்மீதே புகார் வந்தால்?

தயக்கம் இங்கேதான் வரும் என்று தெரியும். போர்டில் இன்னோர் எண்ணும் எழுத வேண்டும். 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண். எடை குறைவு, காலாவதியான பாக்கெட், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியது என்று புகார் சொல்கிற எண். "நம் சங்கத்துச் சுவரில் நாமே எழுதி, நம் வாடிக்கையாளரை நம்மீதே ஏவிவிடுவதா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள்.

அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்த எண்ணை எழுதாத தகவல் நிலையம் வணிகர்களின் விளம்பரப் பலகைதான் என்று ஊர் முதல் நாளே முடிவு கட்டிவிடும். எழுதி வைத்தால், இங்கே சொல்வது யாருக்கும் சாதகமில்லாத தகவல் என்று நம்புவார்கள். அதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்து, 2019இல் புதிதாக இயற்றப்பட்டு 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தாயிற்று. நாம் எண்ணை மறைப்பதால் சட்டம் மறையாது. புகார் உள்ளவர் முதலில் நம் நிலையத்துக்கு வந்தால், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, தவறு கடைக்காரருடையதென்றால் மாற்றிக் கொடுக்கச் சொல்லி அங்கேயே முடிக்கலாம். சரியாக எடை போடுகிற கடைக்காரருக்கு இதில் பயமே இல்லை. குறைத்துப் போடுகிறவரைச் சங்கம் காப்பாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அவரால் கெட்ட பெயர் நம் எல்லோருக்கும்.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்காத வணிகர் இல்லை. கேட்க வேண்டியதுதான். பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன. போனில் பட்டனை அழுத்தினால் பத்து நிமிடத்தில் சாமான் வாசலுக்கு வருகிறது. விலையில் அவர்களோடு எவ்வளவு நாள் மல்லுக்கட்ட முடியும்? ஆனால் பாஸ்புக்கில் 436 ரூபாய் என்ற வரியைப் படித்துச் சொல்லும் வேலையைப் பத்து நிமிடத்தில் வந்து நிற்கும் பையனால் செய்ய முடியாது. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது, அவனுக்கும் நம் பெயர் தெரியாது. ஊரில் ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பதுதான் சிறு வணிகரிடம் மிஞ்சியிருக்கும் முதல். அந்த முதலை இப்படிப் பொதுக் காரியத்தில் போட்டால் கரையாது. ஆனால் லாபத்துக்காகவே போட்டால் கரைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

தொண்டர்களை நம்பி நடக்கும் வேலைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆரம்பத்தில் இருக்கும் ஊக்கம் ஆறு மாதத்தில் தேயும். கல்யாணமாகிப் போகிறவர் போவார், வேலை கிடைத்தவர் போவார். ஆகவே ஒவ்வொரு தொண்டரும் இன்னொருவரைப் பழக்கிவிட்டுத்தான் விலக வேண்டும் என்று முதலிலேயே விதி வைத்துவிடுங்கள். செலவு பெரிதாக இல்லை. நாற்காலி, நோட்டு, மின்சாரம், டீ. சங்கச் சந்தாவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால் போதும். வெளியாரிடம் பணம் வாங்கினால் வெளியாரின் பேச்சையும் கேட்க வேண்டி வரும்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு கிளைச் சங்கமும் மூன்று விஷயங்களை மட்டும் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன். எந்த அறை? எந்த இரண்டு மணி நேரம்? எந்த ஆறு பேர்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் மறுவாரமே கதவைத் திறக்கலாம். திறப்பு விழாவும் மாலையும் வேண்டாம். வாசலை எல்லோருக்கும் திறந்து வைத்து, உள்ளே உண்மையைச் சொல்லும் ஓர் ஆளை உட்காரவைத்தால் போதும். கேள்விகள் தானாக வரும். அவை தினமும் நம் கடைகளுக்கு வந்துகொண்டுதானே இருக்கின்றன.